பானெட்டில் கை வைத்துப் பார்

ஜூன் 3

தம்பிக்கு,

போனில் பேச வேண்டாம் என்று முடிவெடுத்தவள் நான்தான், அதனால் எழுதவும் நானே தொடங்குகிறேன். மலையைக் குடைந்து பாதை போடுகிற அந்த முகாமில், மேட்டில் ஏறி நின்றால்தான் உனக்கு சிக்னல் கிடைக்கும். மூச்சிரைக்க ஏறி வந்து நீ கத்துவாய், நான் பதிலுக்குக் கத்துவேன், பக்கத்து அறையில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார். கடிதத்தில் கத்த வேண்டுமென்றால் முதலில் பேனாவைத் தேட வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

வண்டியில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. தெருமுனை மெக்கானிக் கையடக்கக் கருவி ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டு, “பி சைபர் நாலு ஒண்ணு சைபர், மேடம். செகண்டரி ஏர் இன்ஜெக்‌ஷன். பம்ப் போயிருச்சு, புதுசு போட்டுடலாம்” என்றார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. எங்கள் லேபில் ரத்தம் எடுக்காமலே யாராவது ரிசல்ட் எழுதினால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

ஜூலை முடிவதற்குள் வண்டி புகைச் சோதனையில் தேற வேண்டும். விளக்கு எரிகிற வண்டியை அவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். வண்டி இல்லையென்றால் எனக்குக் காலை ஷிப்ட் இல்லை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடியும்போதே வரிசையில் நிற்பார்கள், முதல் பஸ் வருவதோ அதற்கு அப்புறம். எப்போது பிந்துவேன் என்று மேற்பார்வையாளர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறார்.

அப்பா இருக்கிறார். கண் டாக்டர் பழைய பாட்டையே பாடினார். இடப்பக்கப் பார்வை போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்தை விடாதீர்கள், வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள் என்றார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் எதை மறப்பார்? தினமும் சாயங்காலம் வாளியும் துணியுமாகப் போய் வண்டியைத் துடைக்கிறார். ஓட்டக் கூடாது என்றுதானே நீ சாவியைப் பிடுங்கினாய், துடைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் “கண்ணு தெரியாதவர் ஸ்டியரிங் பிடிச்சா அது கொலை” என்று நீ சொன்னதை இன்னும் வாயில் வைத்திருக்கிறார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. உன்னைப் பற்றிய பேச்சையே எடுப்பதில்லை. நீயும் கிளம்பிப் போய்விட்டாய். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

வண்டிக்கு என்ன என்று எழுது. வேறு எதையும் எழுத இஷ்டம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

அக்கா


ஜூன் 9

அக்கா,

சாமான் லாரியோடு உன் கடிதம் வந்தது. க்ரீஸ் கையோடு பிரித்தேன், கறைக்கு மன்னித்துக்கொள்.

பம்பை மாற்றாதே. மெக்கானிக் சொன்ன அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: காற்று போதவில்லை. ஏன் போதவில்லை என்று அதற்குத் தெரியாது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் முழுசாக எரியாமல் மிச்சம் புகையோடு வெளியே போகும். அந்த மிச்சத்தை வழியிலேயே எரித்துவிட, ஒரு சின்ன மின்சார பம்ப் வெளிக்காற்றைப் புகைக்குழாய்க்குள் ஊதும். கொஞ்ச நேரம் ஊதிவிட்டு நின்றுவிடும். காலையில் உன் ஜன்னலுக்குக் கீழே மிக்சி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுதான். எஞ்சின் சூடாக இருந்தால் பம்ப் ஓடவே ஓடாது. அதனால் இந்தக் கோளாறைப் பிடிக்க வண்டி ராத்திரி முழுக்கச் சும்மா நின்றிருக்க வேண்டும். உன் பாஷையில் சொன்னால், வெறும் வயிற்றில் எடுக்கிற சோதனை. மத்தியானம் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அந்த மெக்கானிக்தான் என்ன செய்வார், பாவம்.

காலையில் பானெட்டைத் திற. ஓரத்தில் கறுப்புப் பெட்டி இருக்கும், மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும். பெரிய பச்சை ஃபியூஸ் பம்புக்கு மட்டும் உரியது. முதல் நாள் அதைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய். பம்ப் ஓடாது, சத்தம் வராது, எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடும், பயப்படாதே. மறுநாள் ஃபியூசைத் திரும்பச் செருகி ஸ்டார்ட் செய். சத்தம் வந்தால் பம்ப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அதிலிருந்து போகிற ரப்பர் குழாயோடு கையை ஓட்டிப் பார், எங்கேயாவது காற்று சீறும். விசிறிப் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதே.

அப்பாவிடமிருந்து சாவியைப் பிடுங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், பிடுங்கினேன். அன்றைக்குக் காலையில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். திருப்பத்தில் இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்தாள். அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டி நின்ற பிறகும் “எதுக்குடா இழுத்தே?” என்று என்னைத்தான் திட்டினார். அவருக்கு அவள் தெரியவே இல்லை, அக்கா. பானெட்டுக்கு முன்னால் நின்று அவள் எங்களைப் பார்த்துக் கத்தும்போதுதான் பார்த்தார், எங்கிருந்தோ வந்து வம்பு செய்கிறாள் என்றே நினைத்துக்கொண்டார். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் வேறு மாதிரி வெடித்துவிட்டேன்.

சொட்டு மருந்து நேரத்துக்கு விடுகிறாரா? நான் கேட்டதாகச் சொல்லாதே.

தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

டாக்டர் ஐயா அவர்களே, நோயாளி பிழைத்துக்கொண்டது. ஃபியூசைப் பிடுங்கிய நாள் சத்தமே இல்லை. செருகிய நாள் மிக்சி ஓடியது, கூடவே ‘உஸ்’ என்று ஒரு சீறல். கையை ஓட்டினேன், குழாயின் அடிப்பக்கம் காற்று அடித்தது. மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டினேன். எலி கடித்திருக்கிறது! பல் பதிந்த அடையாளம்கூட இருந்தது. “பம்ப் இல்லையா, மேடம்?” என்று தலையைச் சொறிந்தார். குழாயை மாற்றி, கருவியால் கோளாறுப் பதிவை அழித்தார். விளக்கு அணைந்துவிட்டது. லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், எதற்கு என்று கேட்டவர்களிடம் எலிக்குக் கல்யாணம் என்றேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. முன்பே சொல்லியிருக்கலாமே. நான் உன்னைக் கல்நெஞ்சக்காரன் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மருந்து விடுகிறார். உன் கடிதம் வந்தால் இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொருவருக்கும் காது நீளுகிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

எலியாவது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. குழாயைச் சுற்றி மிளகாய்ப் பொடி தடவிய துணியைக் கட்டச் சொல். புகைச் சோதனைக்கு இப்போதே போகாதே. கோளாறுப் பதிவை அழித்த பிறகு வண்டி தன்னைத்தானே சோதித்து முடிக்கச் சில நாள் ஓட வேண்டும்.

காது நீளுகிறவருக்கு என் பதில் எதுவும் இல்லை.

தம்பி


ஜூலை 4

தம்பிக்கு,

மறுபடியும் விளக்கு. அதே கோளாறு எண். எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை, லேப் வாசலில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

மெக்கானிக் ராத்திரி முழுக்க வண்டியைத் தன்னிடமே நிறுத்திவைத்து, காலையில் குளிர்ந்த எஞ்சினில் பார்த்தார். நீ சொன்ன முறைதான். பம்ப் ஓடுகிறது, குழாய் ஒழுகவில்லை, வால்வு திறக்கிறது. எல்லாம் சரி. “வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு, மேடம்” என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

வீட்டில் நிற்கும்போதுதான் இந்தக் கூத்து. ஒரு நாள் காலை மிக்சிச் சத்தம் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. வராத நாள்களில் வண்டி என்னவோ வெண்ணெய் மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. லேபில் நாங்கள் ஒரு ரிசல்ட்டை நம்புவதில்லை, மறுபடி எடுப்போம். மறுபடி மறுபடி எடுத்துவிட்டேன், ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

வந்த துன்பம் தனியாக வருமா? இடப்பக்கக் கண்ணாடியை யாரோ இடித்து மடக்கிவிட்டார்கள், கதவிலும் நீளமாக ஒரு கீறல். ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்துக் காவலாளியோடு பெரிய சண்டை போட்டேன், அவர் சத்தியம் செய்கிறார். பெட்ரோலும் வண்டி குடிக்கிறதா நான் குடிக்கிறேனா என்று தெரியவில்லை. இந்த மாதம் போனால் ஷிப்டும் போகும். எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை, பிடித்தால் கட்டை மாதிரி விழுந்துவிடுகிறேன்.

அப்பா மட்டும் இப்போது உற்சாகமாக இருக்கிறார். சாயங்காலம் துடைப்பதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். “வண்டி எப்படிம்மா இருக்கு?” என்று என்னையே விசாரிக்கிறார்.

அக்கா


ஜூலை 10

அக்கா,

இனிமேல் காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் பானெட்டில் கை வைத்துப் பார். காய்ச்சல் பார்ப்பது போல முழு உள்ளங்கையும் வைத்துப் பார். அதற்கு அப்புறம் ஸ்டார்ட் செய். கை என்ன சொன்னது, சத்தம் வந்ததா, இரண்டையும் எழுது.

டூப்ளிகேட் சாவி எங்கே இருக்கிறது?

நான் நினைப்பது தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும். தப்பா சரியா என்று தெரியாமல் இங்கே துளைக்கும் இயந்திரத்துக்கு ஆயில் மாற்றப் போய் இரண்டு தடவை பழைய ஆயிலையே திரும்ப ஊற்றப் பார்த்தேன். மேட்டில் ஏறி உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. சீக்கிரம் எழுது.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

போன் வந்தபோது கையுறை போட்டிருந்தேன். திரும்ப அழைத்தால் நீ மேட்டில் இல்லை.

நேற்று பானெட் ஜில்லென்றிருந்தது, மிக்சி ஓடியது. இன்றைக்குக் கை வைத்தேன். சூடு. சுடுகிற சூடு இல்லை, அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆன தோசைக்கல் போல. ஸ்டார்ட் செய்தேன், சத்தம் இல்லை. தெருவில் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்களிடம் வருகிறவர்களில் சிலர் வீட்டில் காபியைக் குடித்துவிட்டு வந்து, “வெறும் வயிறுதாங்க” என்று சத்தியம் பண்ணுவார்கள். சர்க்கரை அளவு காட்டிக்கொடுத்துவிடும். முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற எனக்கு, என் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி வெறும் வயிறு இல்லை என்பது இத்தனை நாள் தெரியவில்லை.

டூப்ளிகேட் சாவி தொலைந்துவிட்டது என்று அப்பா சொல்லி நாளாகிறது. நான் இன்னும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. காலையில் அவர் என் எதிரில் உட்கார்ந்து பேப்பரில் பெரிய எழுத்துகளை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுதான் புரியவில்லை. அந்த பம்ப் என் ஜன்னலுக்கு நேர் கீழே ஓடும். எவ்வளவு அசந்து தூங்கினாலும் அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்துவிடுவேன். எனக்கு எப்படிக் கேட்காமல் போயிற்று?

அக்கா


ஜூலை 18

அக்கா,

சத்தம் வந்தால்தானே கேட்கும்? சாயங்காலம் வண்டி துடைக்கிற சாக்கில் பச்சை ஃபியூசைப் பிடுங்கிவிடுகிறார். விடிவதற்குள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போகிறார். போய்விட்டு வந்ததும் திரும்பச் செருகிவிடுகிறார். குளிர்ந்த எஞ்சின், பம்ப் ஓடவில்லை. வண்டி அதைக் குறித்துக்கொண்டு விளக்கைப் போடுகிறது. காலையில் நீ பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த மெக்கானிக் சொன்ன பேய் இதுதான்.

ஃபியூஸ் விஷயம் அவருக்கு யார் சொன்னது? பஸ்ஸில் இந்த பம்ப் கிடையாது, அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன். நீ வாசித்துக் காட்டினாயா? எல்லாவற்றையுமா? அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதையுமா?

கோபப்படுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் அதைவிடப் பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் அந்தக் குழந்தையின் கால் இரண்டும் இடுப்பிலிருந்து தொங்குவது தெரிகிறது. விடியற்காலையில் நடந்து போகிறவர்கள் இருப்பார்கள், சைக்கிளில் போகிறவர்கள் இருப்பார்கள், எல்லோருமா வலப்பக்கமே போவார்கள்? அவருக்கு ஏதாவது ஆனால் நான் அவரோடு பேசாமல் இருந்த மகனாகவே நின்றுபோவேன்.

இன்றைக்கே சாவியை வாங்கு. கொடுக்காவிட்டால் பேட்டரி வயரைக் கழற்றி உன் பையில் போட்டுக்கொண்டு தூங்கு. இந்தக் கடிதத்தை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டாதே.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

ஆமாம், வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரியையும், க்ரீஸ் கறை எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து. அவரால் உன் கையெழுத்தைப் படிக்க முடியாது. கடிதம் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார், கேட்காத மாதிரி. நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

உன் கடைசிக் கடிதம் வருவதற்குள் இங்கே இன்னொன்று நடந்துவிட்டது. நான் தினமும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன். தொடர்ந்து சில நாள் ஜில்லென்றே இருந்தது, ஆனால் பம்ப் சத்தம் வரவில்லை. குளிர்ந்த வண்டி, சத்தமும் இல்லை. இது புதுக் கணக்காக இருக்கிறதே என்று குழம்பினேன். அப்பாவும் சாயங்காலம் துடைக்கப் போகவில்லை. வாளி கவிழ்ந்தபடி கிடந்தது.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. தனியாகப் படித்தேன். படித்துவிட்டு மடித்து உள்ளே வைக்கப் போனால், அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். “என்ன எழுதியிருக்கான்?” என்றார். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை. நீ வாசிக்காதே என்று எழுதியிருந்தாய். என்னால் முடியவில்லை, வாசித்தேன். சாயங்காலம் ஃபியூசைப் பிடுங்குகிறார் என்ற இடத்துக்கு வந்ததுமே சட்டைப் பையில் கையை விட்டுப் பச்சை ஃபியூசை எடுத்து மேஜை மேல் வைத்தார். பக்கத்திலேயே சாவியையும் வைத்தார். “நீ படி” என்றார். கடைசி வரி வரைக்கும் படித்தேன். அவரோடு பேசாமல் இருந்த மகனாகவே நின்றுபோவேன் என்று நீ எழுதிய வரியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். அவர் காத்திருந்தார்.

அப்புறம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அந்தப் பொம்பளையப் பத்தி அவன் எழுதினத நான் நம்பலம்மா. என்னை உக்கார வைக்கறதுக்குக் கதை கட்டறான்னு நினைச்சேன். எனக்கா தெரியாம போகும்? முப்பது வருஷத்துல ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. அதான் போய்ப் பார்த்தேன். அங்க ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால காலி மைதானம். நல்லாத்தான் ஓட்டறேன்னு நினைச்சேன், கண்ணாடியும் கதவும் போச்சுன்னு நீ சொன்னப்பக்கூட அது நான்தான்னு தோணல. மறுபடி லைசென்ஸ் எடுத்து அவன் மூஞ்சியில வீசணும்னு இருந்தேன். கடைசியா போன அன்னைக்குத் திரும்பி வரும்போது இடப்பக்கம் டமார்னு சத்தம். நிறுத்தினேன். குப்பைத்தொட்டி. அது தொட்டின்னு எனக்கு இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது.”

அவ்வளவுதான் சொன்னார். தெருவில் இறங்கி வண்டியைச் சுற்றி அந்தத் தொட்டிக்கு நடந்துபோன தூரத்தில் அவர் என்னவெல்லாம் நினைத்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபியூசைத் திரும்பச் செருக மனசே வரவில்லையாம். அன்றிலிருந்து அது பையிலேயே இருந்திருக்கிறது.

நான் அழுதேன். அவர் அழவில்லை. தோளில் கிடந்த துண்டை என்னிடம் நீட்டி, “எங்கேயோ மலையில உக்காந்துகிட்டு, இங்க என் வண்டிச் சூட்டக் கண்டுபிடிச்சிட்டானே படவா” என்றார். எனக்குக் காது தப்பாகக் கேட்கவில்லை, தம்பி. அவர் சிரித்தார்.

ஃபியூசைச் செருகினேன். சில காலைகள் பம்ப் ஒழுங்காக ஓடியதும் விளக்கு தானாகவே அணைந்தது. நேற்று புகைச் சோதனையில் வண்டி தேறிவிட்டது, சான்றிதழ் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. எனக்கு ஷிப்ட் பிழைத்தது. இப்போது காலையில் நான் ஸ்டார்ட் செய்யும்போது அப்பா வாசலில் வந்து நிற்கிறார். மிக்சி ஓடி முடியும் வரை நின்று, “சரியா இருக்கு, போ” என்று சொல்லி அனுப்புகிறார்.

இந்தக் கடிதம் எழுதும்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார். அவரும் ஒன்று எழுதச் சொல்கிறார். “லைட்டு இன்னும் எரியுதுன்னு எழுது” என்கிறார். “அதான் அணைஞ்சிடுச்சேப்பா, சான்றிதழே வந்தாச்சே” என்றேன். “நான் சொல்றத எழுதும்மா. லெட்டர்ல பார்த்தா ஆகாது, வண்டிய நேர்ல வந்து பார்க்கணும்னு எழுது” என்கிறார்.

எழுதிவிட்டேன். விளக்கு இன்னும் எரிகிறதாம். நீ நேரில் வந்து பார்க்க வேண்டுமாம்.

அக்கா